பின் அச்சின் சத்தம்

அத்தானின் கார் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையின் மூலையில் திரும்பும்போது ஒரு சத்தம் வரும். அது எஞ்சின் சத்தம் அல்ல. காரின் பின்பக்கத்தில், இருக்கைக்குக் கீழே, இரும்பு இரும்பைப் பிடித்துப் பிடித்து விடுகிற சத்தம். கறுக், கறுக், கறுக் என்று கேட்டு, கார் நேரானதும் நின்றுவிடும். அதைக் கேட்டவுடன் அக்கா அடுப்பில் கேத்தலை வைப்பாள்.

"உங்கட கார் பல்லுக் கடிக்குது. ஒருநாளைக்குப் பல்லெல்லாம் கொட்டிப்போகும்" என்பாள்.

"கொட்டட்டும். பொக்கை வாயோட ஓடும்" என்பார் அத்தான்.

அவர் ஹோன் அடித்து நான் கேட்டதில்லை. தேவைப்படவில்லை. அக்காவின் மகன் எங்கே விளையாடிக்கொண்டிருந்தாலும் அந்தச் சத்தத்துக்கு ஓடிவந்து, வளவு வாசலில், கடப்படியில் குறுக்கே போட்ட தடிகளைக் கழற்றிக்கொண்டு நிற்பான். கார் உள்ளே போனதும் தடிகளைத் திரும்பப் போடுவான். வளர்ந்த பிறகும் அந்த வேலையை அவன் வேறு யாருக்கும் விடவில்லை.

அது என்னைவிட வயது கூடிய ஆங்கிலேயக் கார். சாம்பல் நிறம். அத்தான் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியர். இளம் வயதில் மலைநாட்டில் வேலை பார்த்தபோது, நாட்டை விட்டுப் போகவிருந்த ஒரு தோட்டத்துரையிடம் அதை வாங்கினார். மழையில் வழுக்கும் தோட்டப் பாதைகளில் ஏறுவதற்காகத் துரை அதன் பின் அச்சில் ஒரு மாற்றம் செய்வித்திருந்தார்.

சாதாரணக் காரில் பின் அச்சுக்கு நடுவே உள்ள டிபரன்சல் பெட்டி, வளைவுகளில் இரண்டு சக்கரங்களில் வெளிச்சில்லைக் கூடவும் உட்சில்லைக் குறையவும் சுழலவிடும். அதற்கு ஒரு குறை உண்டு. ஒரு சில்லு சேற்றில் இறங்கிவிட்டால் எஞ்சினின் வலு முழுவதும் அந்தச் சில்லுக்கே போய்விடும். அது சும்மா சுழலும். நல்ல தரையில் நிற்கிற மற்றச் சில்லு அசையாது. துரையின் பெட்டிக்குள்ளோ மெல்லிய உருக்குத் தகடுகள் அடுக்கடுக்காக இருந்தன. ஒரு சில்லு வழுக்கினால் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றி மற்றச் சில்லையும் இழுத்து வரும். மாரிகாலத்தில் வட்டைக்குள், வயல்வெளி நடுவே போகிற மண்பாதைகளில், ஜீப்புகள் புதைந்து நிற்க அத்தானின் கார் போய்வந்தது அதனால்தான்.

அந்தத் தகடுகளுக்கென்று தனி ஒயில் உண்டு. மட்டக்களப்பில் அது கிடைக்காது. லொறிக்கும் உழவு இயந்திரத்துக்கும் ஊற்றுகிற தடித்த ஒயிலையே அத்தானும் ஊற்றினார். அந்த ஒயிலில் தகடுகள் இதமாக வழுக்காமல், பிடித்துப் பிடித்து விடும். வளைவில் கேட்ட சத்தம் அதுதான். சரியாகச் சொன்னால் அது ஒரு பழுது. எங்களுக்கு அது தெரியாது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போகவேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதப்பட்டவை. அவளுக்குப் பிறகு அவளுடைய மகளுக்குப் போகும். அத்தான் வாவிக்கு மேற்கே மண்டூரைச் சேர்ந்தவர். அக்காவின் வீடு ஆரையம்பதிக்கும் கடலுக்கும் இடையில் இருந்தது. அங்கே வந்தபோது அவர் கொண்டுவந்தவை ஒரு துணிப்பெட்டியும் இந்தக் காரும். "மாப்பிள்ளைக்குக் கார் குடுக்கிறதக் கண்டிருக்கம். கார் ஒண்டு மாப்பிள்ளையக் கொண்டுவந்து குடுக்கிறத இப்பத்தான் காணுறம்" என்று கல்யாண வீட்டில் எங்கள் மாமா ஒருவர் சொன்னார். அத்தான் அதை ஆயுள் முழுவதும் சொல்லிச் சிரித்தார்.

சுனாமிக்கு முந்திய ஆண்டு அவர்களுடைய மகனை இயக்கம் சண்டைக்கென்று கொண்டுபோனது. பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்புப் படித்துக்கொண்டிருந்தான். மாலை வகுப்பு முடிந்து வரும் வழியில் அவனுடைய சைக்கிள் மட்டும் வேலியோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அக்கா மற்றத் தாய்மாரோடு போய் இயக்கத்தின் முகாம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். வன்னிக்கு அனுப்பிவிட்டோம் என்று பிறகு சொன்னார்கள். அதன் பின் அவனிடமிருந்து ஒரு தகவலும் வரவில்லை.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை அத்தான் வீட்டில் இல்லை. மாரி வெள்ளத்தில் வாய்க்கால் கட்டு ஒன்று உடைந்துவிட்டதென்று ஆள் வந்து சொல்ல, திணைக்களத்தின் உழவு இயந்திரத்தில் வாவிக்கு மேற்கே போயிருந்தார். காரில் போக முடியாத வெள்ளம். அதனால் கார் வீட்டில் நின்றது. அக்காவும், மகனுக்கு இளையவளான மகளும் வீட்டில் இருந்தார்கள்.

நான் அப்போது கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு மட்டக்களப்பிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். அன்று முழுவதும் இறந்தவர்களின் தொகையைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் தொகை மாறியது. அடுத்த நாள் நான் சொன்ன தொகையில் அக்காவும் அவளுடைய மகளும் இருந்தார்கள்.

வீட்டில் அத்திவாரமும் கிணற்றுக்கட்டும் மிஞ்சின. கிணற்றில் உப்புத்தண்ணீர். கடப்படியின் இரண்டு கட்டைகளில் ஒன்று மட்டும் நின்றது. காரை அலை தூக்கிக்கொண்டுபோய், முகம் வாவிப் பக்கம் பார்க்க, முறிந்த தென்னையொன்றின் அடியில் விட்டிருந்தது. கண்ணாடி மட்டத்துக்கு மணல்.

சடங்குகள் முடிந்த பிறகு அத்தான் மண்வெட்டியோடு போய் அதைத் தோண்டத் தொடங்கினார். ஊரே பிணங்களையும் பாத்திரங்களையும் தேடிக்கொண்டிருந்த காலம். ஒரு பழைய காரைத் தோண்டுகிற மனிதரைச் சனம் நின்று பார்த்துவிட்டுப் போனது.

"இதத் தோண்டி என்ன செய்யப் போறீங்க அத்தான்?" என்று கேட்டேன்.

"அவன் வந்தா எதக் கண்டு வீடெண்டு மட்டுக்கட்டுவான்?" என்றார். மண்வெட்டியை நிறுத்தவில்லை.

நான் சுற்றிப் பார்த்தேன். வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, அடையாளத்துக்கு நின்ற புளியமரம் இல்லை. மகனுக்குத் தாய் இறந்தது தெரியுமோ தெரியாது. தெரியாமல் ஒருநாள் இந்த மணலில் வந்து நிற்பான் என்பதுதான் அத்தானின் மனதில் இருந்தது. அன்றிலிருந்து கடைசிவரை அது ஒன்றுதான் இருந்தது.

வளவு எங்கள் பெண்வழிச் சொத்து. அக்காவும் போய், மகளும் போனபின் அது என் தங்கைக்கு வரவேண்டியது என்று ஊர் வழக்கம். யாரும் அவரிடம் அப்படிச் சொல்லவில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரியும். கடற்கரையோரம் இனி வீடு கட்டக்கூடாதென்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. மனைவியை இழந்த ஆண்கள் போவதுபோல அவர் தன் சகோதரியின் வீட்டுக்கு, மண்டூருக்கு, திரும்பிப் போனார். கார் மட்டும் அவருடையது. அதை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்துப் பட்டணத்துக்குக் கொண்டுபோனோம்.

பட்டணத்தில் வாவியோரமாகத் தகரக் கொட்டகையில் கராஜ் வைத்திருந்தவர் போர்த்துக்கேய வழிவந்த பறங்கியர். கராஜ் வைத்திருப்பவர்களை எங்கள் ஊரில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். அவரும் பாஸ்தான். முகத்துவாரப் பக்கம் இருந்த அவருடைய வீட்டையும் அலை கொண்டுபோனது. மனைவியும் வீட்டோடு போனாள். அத்தானும் அவரும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. காபுரேட்டரைப் பற்றிப் பேசினார்கள்.

பாஸ் எஞ்சினைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, டீசலில் ஊறவைத்து, சில மாதங்களில் ஓடவைத்தார். பிறகு பின் அச்சைப் பார்த்தார். எங்கள் கராஜ்களில் அதற்கு ஒரு வழக்கமான வழி உண்டு. ஒரு பக்கச் சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினை ஓடவிட்டு, கியரைப் போடுவார்கள். தூக்கிய சில்லு சுழலும். நிலத்தில் உள்ளது நிற்கும். குனிந்து காது கொடுத்தால் பழுது தெரியும். பாஸ் ஆயிரம் வாகனங்களை அப்படிப் பார்த்திருப்பார். அதுவரை அவர் அத்தானின் காரில் எஞ்சினைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. துரையின் பெட்டி வேறு மாதிரி என்பதை அத்தானும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை.

பாஸ் கதவுக்கு வெளியே நின்றபடி உள்ளே ஒரு காலை விட்டுக் கிளச்சை மிதித்து, கியரைப் போட்டு விட்டார். நிலத்தில் இருந்த சில்லு ஓடத் தொடங்கியது. கார் ஜாக்கியிலிருந்து குதித்து, பின்பக்கத் தகரவேலியைப் பிய்த்துக்கொண்டுபோய், முன்சில்லுகள் வாவிச் சேற்றில் புதைய நின்றது. பாஸ் ஒரு பக்கம் உருண்டு தப்பினார்.

"என்ன மேன் ஓவசியர், கடல் தின்னாம விட்டத வாவிக்குக் குடுக்கப் பாத்தீரா?"

"நீர்தானே கியரப் போட்டது."

"ஒரு சில்லு நிலத்தில நிக்குது! நிலத்தில நிக்கிற சில்லு ஓடுமெண்டு ஆர் கண்டது?"

"வட்டைக்குள்ள எல்லாரும் கண்டிருக்காங்க. நீர்தான் பட்டணத்த விட்டு வாறதில்லையே."

இருவரும் சிரித்தார்கள். தகரவேலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிரிப்பு நின்றபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பின்சில்லுகள் இரண்டும் ஒன்றாகவே சுழன்றன. தகடுகள் உப்பில் துருப்பிடித்து ஒரே கட்டியாக ஒட்டிவிட்டன என்று பாஸ் சொன்னார். மாற்றுத் தகடு இலங்கையில் தேடினாலும் கிடைக்காது. பெட்டிக்குள் இருந்த உப்புத்தண்ணீரை வடித்து, டீசலும் பழைய ஒயிலும் கலந்து நிரப்பி மூடினார். "இனிக் கெடாது. ஆனா வளைவில திரும்பாது, றோட்டில ஓட்ட ஏலா" என்றார். பிறகு திரும்பவும் சண்டை தொடங்கியது. பாதைகள் மூடின. மண்டூர்ச் சனம் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தது. அத்தான் ஓய்வு பெற்றார். கார் கொட்டகையில் நின்றது. அதன் மேல் பாஸ் தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருந்தார்.

யுத்தம் முடிந்த ஆண்டில், சண்டையில் தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருந்த வவுனியா முகாமிலிருந்து வயதானவர்களைச் சிறிது சிறிதாக விட்டார்கள். அப்படி வந்த ஒரு அம்மா போரதீவில் தன் உறவினர் வீட்டில் இருந்துகொண்டு அத்தானுக்குச் சொல்லியனுப்பினாள். ஓவசியரின் மகனைப் போல ஒருவனைத் தண்ணீர் வரிசையில் கண்டேன், கிட்டப் போய்க் கேட்க முடியவில்லை என்றாள். நான் போய் அவளைச் சந்தித்தேன். செய்தியாளன் கேட்கிற கேள்விகளையெல்லாம் கேட்டேன். "நடை ஓவசியரிட நடை மாதிரி இருந்திச்சு மனே. முகம் வடிவாத் தெரியல்ல" என்றாள். நான் எழுதுகிற செய்தியாக இருந்தால் அதை எழுதமாட்டேன். அத்தானிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அடுத்த நாள் அவர் பாஸின் கொட்டகையில் டயர்களை இறக்கிக்கொண்டிருந்தார்.

"பஸ்ஸில போவம் அத்தான். மதவாச்சிக்கு அங்கால வெளி வாகனம் விடுறதில்ல. எல்லாரும் இறங்கி வேற பஸ்ஸில ஏறித்தான் போறாங்க" என்றேன்.

"போய்ப் பாப்பம்."

"விடமாட்டாங்க."

அவர் டயரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "என்னப் பார் மச்சான். அவன் போகக்குள்ள நான் இப்பிடியா இருந்தன்? என்ர முகத்தக் கண்டு அவனுக்கு விளங்குமா? வேலிக்கு அங்காலயும் சனம், இஞ்சாலயும் சனம். எல்லாரும் கத்துவாங்க. நான் கத்தி ஆருக்குக் கேக்கிற? காரக் கொண்டுபோய் அந்த வேலியோரம் ஒருக்காத் திருப்பினாக் காணும். அவன் எங்க நிண்டாலும் வருவான்."

நானும் மிச்ச டயர்களை இறக்கினேன். கழற்றுவதற்குக் கை கொடுத்தேன்.

இரண்டு பக்க அச்சுத் தண்டுகளையும் இழுத்து, நடுவிலிருந்த பெட்டியை இறக்கினோம். அடியில் சேறாகப் படிந்திருந்ததை பாஸ் ஒரு தட்டில் வழித்தார். துருவும் கறுத்த ஒயிலும். அதற்குள் மணல். அத்தான் ஒரு விரலால் தொட்டு, பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார். பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

பெட்டி இரண்டு பாதிகளாகப் பிரியும். பிரிப்பதற்கு முன் பாஸ் உளியால் இரண்டு பாதிகளிலும் ஒரே நேரில் சின்ன வெட்டு வைத்தார். பூட்டும்போது அந்த வெட்டுகள் சேரவேண்டும். உள்ளே தகடுகள் ஒட்டி, ஒரு இரும்பு அப்பம் போலக் கிடந்தன. மண்ணெண்ணெயும் டீசலும் கலந்து ஊறவைத்தோம். ஊறியபின் மேசைக்கத்தியின் முனையை விளிம்பில் வைத்து, சுற்றிச் சுற்றி மெதுவாகத் தட்டவேண்டும். ஓரிடத்தில் ஓங்கித் தட்டினால் தகடு வளைந்துவிடும். அத்தான் அந்த வேலையை வேறு யாருக்கும் விடவில்லை. காலையில் மண்டூரிலிருந்து வந்து, ஒரு பலகையில் உட்கார்ந்து, இருட்டும் வரை தட்டினார்.

முதல் தகடு பிரிந்தபோது பாஸ் எட்டிப் பார்த்து, "பிள்ளப்பெத்த வீடு மாதிரி முழிக்கிறீர் ஓவசியர். ஒரு தகடுதானே வந்திருக்கு" என்றார்.

"வந்திட்டுதானே."

"மிச்சம் வரட்டும். மறுகா இனிப்புக் குடும்."

நல்ல தகடுகளைக் கண்ணாடித் துண்டின்மேல் சேன்ட் பேப்பரை விரித்து வைத்துத் தேய்த்தார்கள். சிலவற்றின் முகம் உப்பில் அரித்துக் குழிகுழியாக இருந்தது. அவற்றுக்குப் பதிலாக, மரம் அரிகிற மரக்காலையில் கழித்துப் போட்டிருந்த ஒரு வட்டவாளை பாஸ் எடுத்துவந்து, பழைய தகட்டை மேலே வைத்துக் கீறி, வெட்டி, சாணையில் பிடித்து அளவாக்கினார். முதல் தடவை தகடுகளை மாறி அடுக்கிப் பூட்டிவிட்டார். பெட்டி ஒரு பக்கமும் அசையவில்லை. யாரையோ போர்த்துக்கேயத்தில் ஏசிக்கொண்டு திரும்பக் கழற்றினார். பெட்டியை ஏசினாரா, துரையை ஏசினாரா என்று தெரியாது.

எல்லாம் பூட்டி முடிந்தபின் இந்தத் தடவை இரண்டு பின்சில்லுகளையும் தூக்கி, இரண்டு பக்கமும் மரக்குற்றி வைத்தார். ஒரு சில்லைக் கையால் சுற்றினார். மற்றச் சில்லும் அதே பக்கம் சுழன்றது. சாதாரணக் காரில் அது எதிர்ப்பக்கம் சுழலும். பிறகு ஒன்றை நிலத்தில் இறக்கி, மற்றதில் நீண்ட கம்பியைப் பூட்டி அழுத்தினார். சில்லு கொஞ்ச நேரம் மறுத்து, பிறகு இறுக்கமாக வழுக்கியது. அப்படித்தான் இருக்கவேண்டும்.

கொழும்பிலிருந்த தன் உறவினர் மூலம் பாஸ் அந்தத் தனி ஒயிலை எடுப்பித்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. தகர டின்னை மேசையில் வைத்துவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒயிலை ஊற்றி, காரை வெளியே எடுத்து, வாவிக்கரை வீதியில் கொஞ்சத் தூரம் ஓடவிட்டு, கராஜ் முற்றத்தில் வந்து வட்டமாகத் திருப்பினார். ஒரு சத்தமும் இல்லை. மணலில் டயர் உருளுகிற சத்தம் மட்டும்.

அத்தான் முற்றத்தின் நடுவில் நின்றார். கார் அவரைச் சுற்றி வந்தது.

"இன்னொருக்காத் திருப்பும்" என்றார்.

திருப்பினார்.

"சத்தம் வரல்ல பாஸ்."

"வராது. துரை ஓட்டின காலத்தில இப்பிடித்தான் ஓடியிருக்கும். நீர்தான் பிழையான ஒயில ஊத்தி, இத்தின வருசமாப் பல்லுக் கடிக்க விட்டிருக்கீர்."

"அப்ப அத ஊத்தும்."

"எத?"

"கடை ஒயில. லொறிக்கு ஊத்துறத."

பாஸ் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். "ஓவசியர், நான் சனத்துக்குப் பழுத எடுத்துக் குடுக்கிறவன். பழுதப் பூட்டித் தரச் சொல்லி இண்டுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

"நான் கேக்கிறன்."

"தகடு தேஞ்சிடும் மேன். மறுகா வாள் வெட்டித் தர எனக்கு ஏலா."

"வவுனியா மட்டும் போனாக் காணும்."

பாஸ் வாவிக்கரைக்குப் போய் ஒரு சிகரெட் பற்றவைத்தார். அதை முடிக்கும் வரை திரும்பவில்லை. பிறகு வந்து, கழுவிய சட்டியைப் பின் அச்சுக்குக் கீழே தள்ளி, ஒயில் வடிக்கும் ஆணியைக் கழற்றினார். வடிந்த புது ஒயிலைத் துணியால் அரித்துத் தகர டின்னுக்குள் திரும்ப ஊற்றி, இறுக மூடி, அத்தானிடம் கொடுத்தார்.

"இது உம்மட மகன் வந்த பிறகு ஊத்துறதுக்கு" என்றார்.

கடை ஒயிலை ஊற்றிக் காரைத் திருப்பியபோது முதலில் சத்தம் வரவில்லை. கொஞ்சம் ஓடிச் சூடானபின் வந்தது. கறுக், கறுக், கறுக். முன்பிருந்ததைவிடச் சற்றுக் கூர்மையாக இருந்தது, வாள் தகடுகளால் இருக்கலாம். அத்தான் கொட்டகைத் தூணில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியிருந்தார்.

விடியுமுன் புறப்பட்டோம். சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, மதவாச்சிக்குப் போகும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே மறித்தார்கள். நான் சொன்னதுதான். காரை ஒரு வெட்டவெளியில் நிறுத்திவிட்டு பஸ்ஸில் போகவேண்டும். அத்தான் இறங்கி, அதிகாரியிடம் சிங்களத்தில் பணிவாகக் கேட்டார். அதிகாரி பணிவாக மறுத்தார். கார் இல்லாமல் போவதென்றால் போகலாம் என்றார்.

காரை வெளிக்குள் திருப்பியபோது சத்தம் கேட்டுச் சாவடியிலிருந்த இளம் சிப்பாய் ஒருவன் எழுந்து வந்தான். குனிந்து பின் அச்சைப் பார்த்தான். தன் மாமாவுக்கு ஊரில் கராஜ் இருப்பதாகவும், டிபரன்சல் போகப்போகிறது, இப்படியே திரும்பிப் போவது ஆபத்து என்றும் அக்கறையோடு சொன்னான். அத்தானின் மகன் வயது இருக்கும். "தெரியும் மகன்" என்று அத்தான் சிங்களத்தில் சொன்னார். அவன் ஒரு வேப்பமரத்தின் நிழலைக் காட்டி, அங்கே நிறுத்துங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான்.

முகாம் வேலி அத்தான் சொன்னது போலத்தான் இருந்தது. இந்தப் பக்கமும் சனம், அந்தப் பக்கமும் சனம், நடுவே முட்கம்பி. எல்லோரும் ஒரே நேரத்தில் பெயர்களைக் கத்தினார்கள். ஒரு பெயரும் மற்றொன்றிலிருந்து பிரிந்து கேட்கவில்லை. பெயரைக் கொடுத்தால் உள்ளே ஒலிபெருக்கியில் சொல்வார்கள் என்றார்கள். கொடுத்தோம். அத்தான் ஒரு பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அதற்குள் புதுச் சாரம், சேட்டு, நெய்யில் பொரித்த பயற்றம் உருண்டை.

நீண்ட நேரத்துக்குப் பிறகு ஒருவன் சனத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தான். மெலிந்த பையன். வேலிக்குக் கிட்ட வந்து, எங்கள் முகங்களைப் பார்த்து, நின்றுவிட்டான். பெயர் அதேதான். அவன் வேறு யாருடைய மகனோ.

அத்தான்தான் முதலில் பேசினார். "எந்த ஊர் தம்பி?"

"முல்லைத்தீவு."

"அம்மா அப்பா?"

அவன் தலையை ஆட்டினான். இருக்கிறார்கள் என்றா, இல்லை என்றா, எனக்குப் புரியவில்லை. ஒலிபெருக்கியில் தன் பெயரைக் கேட்டு யாரை நினைத்துக்கொண்டு ஓடிவந்தானோ.

"இந்தா" என்று அத்தான் பையைக் கம்பிக்கு மேலால் நீட்டினார். "சேட்டு அளவாத்தான் இருக்கும்."

அவன் வாங்கிக்கொண்டான். தன் பெயருள்ள வேறு யாரையும் உள்ளே தெரியாது என்றான். கேட்டுப் பார்க்கிறேன் என்றான். அத்தான் மகனின் அடையாளங்களைச் சொன்னார். இடது புருவத்தில் தழும்பு, அவருடைய நடை. பிறகு சற்றுத் தயங்கி, "கார் மதவாச்சியில நிக்குதெண்டு சொல்லு. அவனுக்கு விளங்கும்" என்றார்.

நாங்கள் மதவாச்சிக்குத் திரும்பியபோது கார் வேப்பமர நிழலில் இருந்தது. நிழல் நகர நகர யாரோ அதைத் தள்ளி வைத்திருந்தார்கள். அத்தான் ஏறி, எஞ்சினை இயக்கி, ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, அந்த வெளியில் ஒரு வட்டம் போட்டார். சிப்பாய்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னொரு வட்டம் போட்டார். வவுனியா அங்கிருந்து பஸ்ஸில் போகவேண்டிய தூரம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஸ்டியரிங்கை நேராக்கி வீட்டுப் பக்கம் ஓட்டினார்.

இன்னும் சில முகாம்களுக்குப் போனோம். தடுத்து வைக்கப்பட்டவர்களைப் பார்க்கிற இடங்களுக்கும் போனோம். ஒவ்வொரு முறையும் காரில் போய், எங்கே மறித்தார்களோ அங்கே விட்டோம். பிறகு முகாம்கள் மூடப்பட்டன. போக இடம் இல்லாமல் போனது. உறவினர்கள் ஒரு நாள் பார்த்துப் பையனுக்குப் படையல் வைத்துவிடலாம் என்றார்கள். அத்தான் "வரட்டும், பாப்பம்" என்றார். வருவது யார் என்று அவர்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் செய்தது ஒன்றுதான். வெள்ளிக்கிழமைகளில் மண்டூரிலிருந்து பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி வந்து, அக்காவின் வளவுக்குப் போவார். ஒழுங்கை மூலையில் மெதுவாகத் திருப்புவார். ஒற்றைக் கடப்படிக் கட்டையருகே காரை நிறுத்தி, அதற்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். அந்த வளவு இப்போது என் தங்கையுடையது. அவள் அதில் ஒரு கல்லும் வைக்கவில்லை. கட்டையைப் பிடுங்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள்.

அத்தான் மண்டூரில், சகோதரியின் வீட்டில், நெஞ்சுவலி வந்து இறந்தார். கொள்ளி வைத்தது சகோதரியின் மகன். கார் முறைப்படி அந்தப் பிள்ளைகளுக்குப் போகவேண்டியது. அவர்கள் அதை என் வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டார்கள். "இது உங்கட அக்காட கடப்படியில நிண்ட கார் மாமா. அங்கால போய் வர ஒருத்தர் வேணும்" என்றான் மூத்தவன். பின்பெட்டியில் பாஸ் கொடுத்த தகர டின் இருந்தது. மூடி திறக்கப்படவில்லை.

பாஸுக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. போன முறை ஒயில் மாற்றப் போனபோது கைத்தடியால் பின் அச்சைத் தட்டி, "எத ஊத்துற தம்பி?" என்று கேட்டார்.

"கடை ஒயில் பாஸ்."

அவர் கைத்தடியால் சட்டியை அச்சுக்குக் கீழே தள்ளினார்.

அன்று வெள்ளிக்கிழமை. அங்கிருந்து நேரே வளவுக்குப் போனேன். ஒழுங்கையில் புது வீடுகள் வந்துவிட்டன. மூலை வீட்டில் ஒரு பையன் கல்யாணம் முடித்து வந்திருக்கிறான், கொக்கட்டிச்சோலைப் பக்கத்து ஆள். உழவு இயந்திரம் திருத்துபவன் என்று கேள்வி. நான் திருப்பியபோது வேலிக்கு வந்து, கையைக் காட்டி மறித்தான்.

"ஐயா, பின் அச்சில சத்தமொண்டு வருது. தகடோ பல்லோ போகப் போகுது. கெதியா ஆருக்கும் காட்டுங்க" என்றான்.

"ஓம் தம்பி, காட்டுறன்" என்றேன்.

காரைக் கடப்படிக் கட்டையருகே கொண்டுபோய் நிறுத்தினேன்.